கல்லீரலில் கட்டி... கட்டிக்குள் மருந்து மணி!

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து, சேலம் ரோடு முழுக்க வண்டிகள் வரிசைகட்டி நின்ற நாள். அந்த நெரிசலிலும் ஒரு தம்பி தன் அப்பாவை பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்துவிட்டான். கையில் பெரிய ஸ்கேன் கவர். அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். மாந்தோப்பு வைத்திருப்பவர். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். நடை தெளிவாகத்தான் இருந்தது.

"டாக்டரய்யா, அப்பாவுக்கு ஈரல்ல ரெண்டு கட்டியாம். பெருசு ஆறு சென்டிமீட்டராம். கேன்சர்னு சொல்லிட்டாங்க. சேலத்துல பாத்த டாக்டருங்க, ஈரல்ல மணி வைக்கணும்ங்கறாங்க. மணின்னா பாசிமணி மாதிரியாங்க? கேக்கவே பயமா இருக்கு. அதெல்லாம் வேணாங்க. நீங்க கீழாநெல்லி குடுத்து எங்க அத்தைக்குக் காமாலை போச்சில்ல? அதையே அப்பாவுக்கும் குடுங்க."

நான் சொன்னேன்: "தம்பி, கீழாநெல்லி என் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கு. ஆனா இதுக்கு நான் தரமாட்டேன். மொதல்ல அந்த மணி என்னன்னு சொல்றேன். கேட்டுட்டு, நேரா சேலத்துக்கே போங்க."

இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். சித்த வைத்தியரே இப்படிச் சொல்கிறாரே என்று உங்களுக்கும் தோன்றும். காரணம் இருக்கிறது. அன்றைக்கு அவர்களிடம் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிவாக உங்களிடமும் சொல்கிறேன். வீட்டில் நாலு பேர் கேட்கும்படி வாசித்தால் இன்னும் நல்லது.

எல்லா இடத்துக்கும் போகிற மருந்து

புற்றுநோய்க்குக் கீமோதெரபி கொடுக்கிறார்கள் என்றால் நம் கண் முன்னால் வருவது என்ன? கையில் ஊசி, மேலே தொங்கும் பாட்டில், முடி கொட்டிய தலை, ஓயாத வாந்தி. ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. வேகமாக வளரும் செல்களைத் தேடி அழிப்பது அதன் வேலை. புற்றுச் செல்லும் வேகமாக வளர்கிறது. முடியின் வேரும், குடலின் உள்தோலும், எலும்பு மஜ்ஜையும்கூட வேகமாக வளர்பவைதான். எனவே அவையும் சேர்ந்து அடி வாங்குகின்றன.

நோய் உடம்பெங்கும் பரவியிருந்தால் மருந்தும் உடம்பெங்கும் போகத்தான் வேண்டும். அங்கே வேறு வழியில்லை. ஆனால் நோய் ஓர் உறுப்புக்குள், ஓர் இடத்தில் மட்டும் இருந்தால்? நம் தர்மபுரி விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். தோட்டம் முழுக்க மடை திறந்து விடுவதற்கும், செடியின் வேர்ப்பக்கம் குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். மருந்தைக் கட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்து, அங்கேயே மெல்ல மெல்லக் கசியவிட்டால், கட்டிக்கு மருந்து அதிகம் கிடைக்கும். மற்ற உறுப்புகளுக்குத் தொல்லை குறையும்.

நமக்குத் தெரிந்த காரநூல்

இந்த யோசனை சித்த மருத்துவத்துக்குப் புதிது இல்லை. நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காரநூல் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஆயுர்வேதத்தில் இதையே க்ஷாரசூத்திரம் என்பார்கள். ஒரு நூலில் கள்ளிப்பாலை மட்டும் 11 முறை தடவிக் காயவைக்க வேண்டும். பிறகு கள்ளிப்பாலோடு நாயுருவிச் சாம்பலில் எடுத்த உப்பைச் சேர்த்து 7 முறை. கடைசியாகக் கள்ளிப்பாலோடு மஞ்சள்தூள் சேர்த்து 3 முறை. ஆக 21 பூச்சு. பவுத்திரம் என்கிற ஆசனவாய்ப் புரையில் அந்த நூலைக் கோத்துக் கட்டிவிடுவோம். அது அங்கேயே இருந்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புரையை அறுத்து ஆற்றிக்கொண்டே வரும். வாரம் ஒருமுறை புது நூல் மாற்றுவோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதைச் சோதித்து 1991ல் முடிவை வெளியிட்டது. ஆபரேஷன் செய்தவர்களுக்குப் புண் ஆற 4 வாரம் ஆனது, காரநூல் கட்டியவர்களுக்கு 8 வாரம். ஆனால் மறுபடி நோய் வந்தது ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு. காரநூல் கட்டியவர்களில் நூற்றுக்கு 4 பேருக்குத்தான்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இரண்டு விஷயத்துக்காகச் சொல்கிறேன். ஒன்று, மருந்தை நோய் இருக்கும் இடத்திலேயே வைத்து மெதுவாக வேலை செய்யவிடுவது நல்ல யோசனை. இரண்டு, நல்ல யோசனை என்பது மட்டும் போதாது. இத்தனை பேருக்குக் கொடுத்தோம், இத்தனை பேருக்கு ஆறியது என்று கணக்குக் காட்ட வேண்டும். காரநூல் அந்தக் கணக்கைக் காட்டியது, பவுத்திரத்துக்கு. புற்றுநோய்க்கு இல்லை!

அந்த மணி எப்படி வேலை செய்கிறது?

இப்போது கல்லீரலுக்கு வருவோம். கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. முக்கால் பங்கு குடலில் இருந்து வரும் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக. கால் பங்கு தமனி வழியாக. ஆனால் கல்லீரலிலேயே உருவாகும் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்துத்தான் வளர்கிறது. டாக்டர்கள் பிடித்துக்கொண்டது இந்த ஒரு குணத்தைத்தான். தமனியின் கிளையை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும். கல்லீரலின் மற்ற பாகத்துக்கு போர்ட்டல் குழாய் சோறு போட்டுக்கொண்டிருக்கும்.

தொடை இடுக்கில் அல்லது மணிக்கட்டில் சின்னத் துளை போட்டு, நூல் மாதிரி மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாகவே கல்லீரல் வரைக்கும் ஏற்றுவார்கள். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே கட்டிக்குப் போகும் கிளையைத் தேடிப் பிடிப்பார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. பெரும்பாலும் முழு மயக்கமும் தேவைப்படாது. பிறகு அந்தக் குழாய் வழியாக மருந்து ஊறிய மணிகளை அனுப்புவார்கள்.

மணி என்றால் பாசிமணி இல்லை, அம்மா! சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கில் இருந்து பத்தில் மூன்று பங்கு வரை உள்ள உருண்டைகள். நைஸ் ரவையைவிடப் பொடி. டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் அவற்றுக்கு உண்டு. கட்டியின் ரத்தக்குழாயில் போய் அடைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் மருந்தை நாள் கணக்கில் கசியவிடும். பட்டினி ஒருபக்கம், மருந்து ஒருபக்கம்.

இதற்கு முன்னோடியாக, மருந்தை லிப்பியோடால் என்ற எண்ணெயில் குழைத்து ஏற்றி, பிறகு குழாயை அடைக்கும் முறை வந்தது. இன்றைக்கும் பல மருத்துவமனைகளில் அதைச் செய்கிறார்கள். இந்த முறைகளுக்கு டாக்டர்கள் வைத்த சுருக்கப் பெயர் 'டேஸ்'. உங்கள் அறிக்கையில் அப்படி எழுதியிருந்தால் பயப்படாதீர்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

2002ல் பார்சிலோனாவில் செய்த ஆய்வில், எண்ணெய் முறையில் சிகிச்சை எடுத்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் இரண்டு வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். நோயின் தொல்லைகளுக்கு மட்டும் மருந்து எடுத்தவர்களில் 27 பேர். அதே வருடம் ஹாங்காங்கில் செய்த ஆய்வில் 31 பேர், 11 பேர். ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறினாலும், பலன் உண்டு என்பதில் இரண்டும் ஒத்துப்போயின.

அப்படியானால் எண்ணெயைவிட மணி உசத்தியா? 2010ல் வந்த ஐரோப்பிய ஆய்வில் 212 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். மணி வைத்தவர்களில் நூற்றுக்கு 52 பேருக்கும், எண்ணெய் முறையில் 44 பேருக்கும் கட்டி அடங்கியது. கணித முறைப்படி இதை உறுதியான வெற்றி என்று சொல்ல முடியாத அளவு வித்தியாசம். ஆனால் மணி வைத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பும் மருந்தின் பக்கவிளைவும் குறைவாக இருந்தன. எனவே உங்கள் டாக்டர் எண்ணெய் முறையே போதும் என்றால், ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். விலையிலும் வித்தியாசம் உண்டு. தாராளமாகக் கேளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது பெரும்பாலோருக்கு நோயை வேரோடு பிடுங்கும் சிகிச்சை இல்லை. கட்டி சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் வெட்டி எடுக்கலாம். ஊசி வழியாகச் சூடு வைத்துப் பொசுக்கலாம். தகுந்தவர்களுக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தலாம். வேரறுக்கும் வழிகள் அவைதான். அதைத் தாண்டி, ஆனால் கல்லீரலை விட்டு வெளியே போகாத நோய்க்குத்தான் முக்கியமாக மணி. மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருக்கும் நாட்களில் கட்டி வளராமல் பிடித்துவைக்கவும் இதைச் செய்வார்கள்.

வயிறு முழுக்கப் பரவினால்?

கல்லீரலுக்கு ரத்தக்குழாய் வழி கிடைத்தது. வயிற்றின் மற்ற புற்றுநோய்களுக்கு? இரைப்பை, பெருங்குடல், சினைப்பை இவற்றில் வரும் புற்று, சில சமயம் வயிற்றின் உள்சுவரை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் விதை தூவியது போலப் பரவிவிடும். ரத்தத்தில் ஏற்றும் மருந்து அங்கே போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. அதனால் மருந்தை வயிற்று அறைக்குள்ளேயே விடும் முறைகள் வந்தன. ஆபரேஷனில் கண்ணுக்குத் தெரியும் கட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு, 41 முதல் 43 டிகிரி வரை சூடாக்கிய மருந்து நீரை உள்ளே ஓடவிட்டு அலசுவது ஒன்று. இதை 'ஹைபெக்' என்பார்கள்.

நெதர்லாந்தில் சினைப்பைப் புற்றுநோய் உள்ள 245 பெண்களிடம் செய்த ஆய்வு 2018ல் வெளியானது. ஆபரேஷனோடு சூடான மருந்தும் பெற்றவர்களின் சராசரி ஆயுள் 33.9 மாதத்தில் இருந்து 45.7 மாதமாக உயர்ந்தது. ஏறத்தாழ ஒரு வருடம்! ஆனால் பிரான்ஸில் பெருங்குடல் புற்று பரவிய 265 பேரிடம் செய்த ஆய்வு 2021ல் வெளியானபோது, சூடான மருந்து பெற்றவர்களுக்கு 41.7 மாதம், பெறாதவர்களுக்கு 41.2 மாதம். பலன் இல்லை. ஒரு புற்றுக்குப் பலித்த முறை இன்னொன்றுக்குப் பலிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் செய்தார்களே, எங்களுக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அலசுவது ஒரு மணி, ஒன்றரை மணி நேர வேலை. மருந்தை அங்கேயே வாரக்கணக்கில் தங்கவைக்க முடியாதா? மூளைக் கட்டிக்கு அப்படி ஒன்று உண்டு. கட்டியை எடுத்த குழியில் மருந்து வில்லைகளைப் பதித்துவிட்டு மூடுவார்கள். அவை கரைந்துகொண்டே மருந்து விடும். அமெரிக்கா 1996ல் அதற்கு அனுமதி தந்தது. அடிவயிற்றில் இருக்கும் சிறுநீர்ப்பைக்கு, மூன்று வாரம் உள்ளேயே இருந்து மருந்து விடும் சின்னக் கருவி ஒன்றுக்கு 2025ல் அங்கே அனுமதி கிடைத்தது, அதுவும் ஒரு குறிப்பிட்ட வகை நோயாளிகளுக்கு மட்டும். வயிற்றறைக்குள் வைக்கும் கூழ் மருந்துகள் ஆராய்ச்சியில் இருக்கின்றன. யாராவது இன்றைக்கே வாருங்கள், வைத்து அனுப்புகிறோம் என்று விளம்பரம் செய்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

நான் செய்த தவறு

மாந்தோப்புக்காரருக்கு ஏன் கீழாநெல்லி தரவில்லை என்று சொல்ல வேண்டும் அல்லவா?

நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்களுக்கெல்லாம் நெஞ்சு நிமிரும் ஒரு செய்தி இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி.தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்துச் சோதித்தது. 1988ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அந்தக் கட்டுரையில் உடன் எழுதியவர் யார் தெரியுமா? அந்தக் கிருமியையே கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்! நம் வேலியோரச் செடிக்கு வந்த மரியாதையை நினைத்து நாங்கள் பூரித்துப்போனோம்.

ஆனால் அதற்குப் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்தப் பின்கதையை நான் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. அதற்கு விலை கொடுத்தது நான் அல்ல.

2003ல் ஒருவர் வந்தார். ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்தவர். நாற்பத்தைந்து வயசு. வலது விலாவின் கீழே பாரமாக இருக்கிறது, பசி இல்லை என்றார். கண்ணில் லேசான மஞ்சள். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், கீழாநெல்லி கொடுத்தேன். கொஞ்சம் தேவலை என்றார். மறுபடி கொடுத்தேன். இப்படி நான்கு மாதம். ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதைவிட, என் மருந்து வேலை செய்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை. வயிறு ஊதி, நாங்கள் மகோதரம் என்று சொல்லும் நிலை வந்த பிறகுதான் அனுப்பினேன். கல்லீரல் புற்று. போர்ட்டல் குழாய் அடைத்துவிட்டது. காமாலை ஏறிவிட்டது. இனி எதுவும் செய்வதற்கில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆறு வாரத்தில் போய்விட்டார்.

நான்கு மாதம் முன்னால் அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கதவாவது திறந்திருக்கும். அந்த நான்கு மாதமும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது என் மருந்து.

இந்த மணி சிகிச்சைக்கு வேண்டியது என்ன? மிச்சமிருக்கும் கல்லீரல் ஓரளவு நன்றாக வேலை செய்ய வேண்டும். காமாலை முற்றியிருக்கக் கூடாது. வயிற்றில் நீர் நிறையச் சேர்ந்திருக்கக் கூடாது. போர்ட்டல் குழாய் அடைபட்டிருக்கக் கூடாது. ஏனென்றால் தமனியையும் அடைத்துவிட்டால் கல்லீரல் எதைச் சாப்பிடும்? நோய் வெளியே பரவியிருக்கக் கூடாது. இவை ஒவ்வொன்றும் நாள் போகப் போகக் கைவிட்டுப் போகிறவை. இடத்திலேயே வைக்கும் மருந்து, நோய் இடத்தில் இருக்கும்வரைதான் உதவும்! அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கும் மாத்திரைகளும் நோய் எதிர்ப்பைத் தூண்டும் ஊசிகளும் இன்று இருக்கின்றன. ஆனால் முந்தி வந்தவர்களுக்கு இருக்கும் வழிகள் பிந்தி வந்தவர்களுக்கு இல்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. கட்டி கல்லீரலுக்குள் மட்டும் இருக்கிறதா, போர்ட்டல் குழாய்க்கோ வெளியிலோ போயிருக்கிறதா?

2. வெட்டி எடுக்கவோ, சூடு வைத்துப் பொசுக்கவோ, மாற்றுக் கல்லீரல் பொருத்தவோ வழி இருக்கிறதா? இல்லை என்றால் ஏன்?

3. மிச்சக் கல்லீரல் இந்தச் சிகிச்சையைத் தாங்குமா?

4. மணியா, எண்ணெயா? எத்தனை முறை செய்ய வேண்டியிருக்கும்?

5. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எவ்வளவு கிடைக்கும்? கையில் இருந்து எவ்வளவு போட வேண்டும்?

இவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துபோகும். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள்.

சிகிச்சை முடிந்த சில நாட்களுக்குக் காய்ச்சல், வலது பக்க வலி, வாந்தி, அசதி வரலாம். கட்டி சாகும்போது உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். ஆனால் குளிர்க்காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, கண் மஞ்சளானாலோ, பேச்சு தடுமாறினாலோ, வயிறு ஊதினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சிகிச்சை ஒரே தடவையில் முடியும் என்றும் நினைக்காதீர்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து மறுபடி செய்ய வேண்டிவரலாம்.

அப்படியானால் சித்த வைத்தியருக்கு என்ன வேலை?

நிறைய இருக்கிறது. பசி இல்லாதவருக்கு எந்தக் கஞ்சி இறங்கும், வாய்ப்புண்ணுக்கு எதைக் கொப்பளிப்பது, சோர்ந்துபோன வீட்டாருக்கு எப்படித் தைரியம் சொல்வது... இதெல்லாம் எங்கள் வேலை. ஆனால் கீமோதெரபி நடக்கும்போது உள்மருந்து எது கொடுத்தாலும் புற்றுநோய் டாக்டருக்குத் தெரிந்துதான் கொடுக்க வேண்டும். பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளைக் கல்லீரல் நோயாளி தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்றும் இருக்க வேண்டாம். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த ஆறு பேரைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வழக்கு எப்படி இருந்தாலும், ஏற்கெனவே கெட்டிருக்கும் கல்லீரலில் பரிசோதனை செய்து பார்க்க வேண்டாம்.

புற்றுநோயைக் குணமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்வதே 1954ம் வருடச் சட்டப்படி குற்றம். அலோபதியோ, சித்தாவோ, எதுவாக இருந்தாலும் சரி. அப்படி ஒரு போர்டைப் பார்த்தால் உள்ளே போகாதீர்கள். அது என் போர்டாகவே இருந்தாலும்!

வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியது

கல்லீரல் புற்று பெரும்பாலும் ஏற்கெனவே கெட்டுப்போன கல்லீரலில்தான் வருகிறது. ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, குடி, சர்க்கரையோடும் பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரல் — இவைதான் அடிப்படைக் காரணங்கள். பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் இருக்கும் அஃப்ளடாக்ஸின் விஷமும் ஒரு காரணம். கறுத்துச் சுருங்கிய, கசக்கும் கடலையை வறுத்தால் சரியாகிவிடும் என்று சேர்த்துக்கொள்ளாதீர்கள். தூக்கி எறியுங்கள்.

வீட்டில் குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். பிறகு 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசியிலும் அது சேர்ந்தே வருகிறது. அரசு மருத்துவமனையில் இலவசம். பெரியவர்கள் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிருமி இருந்தாலும் பயம் வேண்டாம். அதை அடக்கிவைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. 2018ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே தருகிறார்கள். கல்லீரல் இறுகிப்போன சிரோசிஸ் நோயாளிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். கட்டி சின்னதாக இருக்கும்போது வலிக்காது. ஸ்கேன்தான் சொல்லும்.

பசி போய், எடை குறைந்து, விலாவின் கீழ் பாரம் இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் முதலில் ஸ்கேன். மூலிகையெல்லாம் அப்புறம்.

மாந்தோப்புக்காரர் என்ன ஆனார்?

சேலத்துக்குத் திரும்பிப் போனார்கள். இரண்டு முறை மணி வைத்தார்கள். முதல் தடவை ஐந்து நாள் காய்ச்சல், நல்ல வலி. "போதும்டா சாமி" என்றாராம். இரண்டாம் தடவை அவ்வளவு இல்லை. ஆடி மாதம் அப்பாவும் மகனும் என்னைப் பார்க்க வந்தார்கள். பெரிய கட்டியில் பெரும்பகுதி செத்துப்போனதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. சின்னதைக் கண்காணிக்கிறார்கள். குணமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். தோப்புக்குப் போய் வருகிறார், சாப்பிடுகிறார், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்.

சேலத்தில் ரத்தம் பார்த்தபோது அவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தது தெரிந்தது. அதனால் வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். அவர் மனைவிக்கு இல்லை. மூத்த மகனுக்கு இல்லை. அன்றைக்கு அப்பாவை பைக்கில் கூட்டிவந்தானே, அந்தத் தம்பிக்கு இருந்தது. வயசு 28. உடம்பில் ஒரு கோளாறும் தெரியவில்லை.

"எனக்காவது கீழாநெல்லி குடுப்பீங்களா டாக்டரய்யா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

"மொதல்ல ஈரல் டாக்டர் சொல்றதைக் கேளு. மாத்திரை குடுத்தா ஒரு நாள் விடாம சாப்பிடு. குடிக்காதே. அவங்க சொல்ற தேதியில ஸ்கேன் எடுத்து, அந்தச் சீட்டை எங்கிட்டயும் கொண்டாந்து காட்டு" என்றேன்.

இதுவரை ஒருமுறை கொண்டுவந்து காட்டியிருக்கிறான். கல்லீரலில் கட்டி எதுவும் இல்லை. அடுத்த தேதியை என் மேஜை காலண்டரிலும் குறித்துவைத்திருக்கிறேன்.